பள்ளியில் இனவெறி வரலாறு: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதித் தமிழ் வகுப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் பள்ளிப் பாடத்தில்தான் வந்து நிற்கும். கணக்குப் பாடம் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது முதல் புலம்பல். அதற்கடுத்து, சமூக அறிவியலில் அடிமை முறை, இனவெறி என்றெல்லாம் சொல்லித் தருகிறார்களே, இதெல்லாம் தேவையா என்பது. ஒரே சந்தேகத்தைப் பல வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. பிள்ளைகளை இங்கே பப்ளிக் ஸ்கூலில் படிக்க வைத்த ஆள், அவ்வளவுதான். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொல்லித் தரத்தான் வேண்டும். எப்படிச் சொல்லித் தருவது என்பதில் எனக்கும் பள்ளியோடு சண்டை உண்டு.

“ரேஸ், ரேசிசம்னு ஸ்கூல்ல அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?”

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. சமச்சீர்க் கல்விப் புத்தகம் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி ‘இதுதான் பாடம்’ என்று சொல்ல முடியாது. என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மாநிலம் வகுக்கிறது. எந்தப் புத்தகம், எத்தனை நாள் என்பதெல்லாம் பெரும்பாலும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கையில். நியூ ஜெர்சியில் உங்கள் தங்கை பிள்ளை படிப்பதும் டெக்சஸில் உங்கள் பிள்ளை படிப்பதும் ஒன்றாக இருக்காது.

பொதுவாகப் பார்த்தால், சின்ன வகுப்புகளில் மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், ரூபி பிரிட்ஜஸ் கதைகள். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் குடியேற்றங்கள், பூர்வகுடிகளை விரட்டியது, 1619-இல் வர்ஜீனியாவில் வந்து இறங்கிய ஆப்பிரிக்கர்கள். மிடில் ஸ்கூலில் உள்நாட்டுப் போரும், அடிமை முறையை ஒழித்த 1865-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும். ஹைஸ்கூலில் அதற்குப் பிந்தைய, கறுப்பினத்தவருக்கென்று தனிப் பள்ளி, தனிக் குழாய், தனி ரயில் பெட்டிக் காலம். தனிப் பள்ளிகள் செல்லாது என்ற 1954 தீர்ப்பு. 1964 சிவில் உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. இதில் கற்பனை எதுவும் இல்லை, எல்லாமே நடந்தவை. சண்டை முழுவதும் எவ்வளவு, எந்த வயதில், எந்தத் தொனியில் என்பதில்தான்.

“என் பொண்ணுக்கு ஏழு வயசு. இந்த வயசுல இதெல்லாம் மண்டைல ஏத்தணுமா?”

ஏழு வயதுப் பிள்ளைக்கு நிறம் தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள். நிறம் மட்டும் வேறு. மூன்று முதல் ஏழு வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளிடம் ‘நல்ல பொம்மை எது?’ என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். ‘கெட்ட பொம்மை எது?’ என்றால் பழுப்புப் பொம்மை. கடைசியாக ‘உன்னை மாதிரி இருப்பது எது?’ என்று கேட்டதும் சில பிள்ளைகள் அழுதுவிட்டன. இந்தச் சோதனையைத்தான் 1954 தீர்ப்பு அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டியது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கவில்லை. சுற்றிலும் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தன.

ஏழு வயதுக்கு ரூபி பிரிட்ஜஸ் கதை சரியாக இருக்கும். 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். ஆறு வயதுச் சிறுமி, வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குக் காவல் மார்ஷல்கள் சூழ நடந்து போகிறாள். வாசலில் கூச்சல் போடும் கூட்டத்தைப் பார்த்து மார்டி கிரா திருவிழா என்று நினைத்துவிட்டாளாம். மற்றப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு மாணவிக்காக வகுப்பு நடத்தினார். ‘அவளோட விளையாட யாருமே இல்லையா?’ என்றுதான் உங்கள் பெண் கேட்பாள். அந்த வயதுக்கு அதுவே போதுமான பாடம். அடித்துக் கொன்ற கதைகள், மரத்தில் தொங்கவிட்ட புகைப்படங்கள் எல்லாம் பின்னால். சில ஆசிரியர்கள் இதில் அவசரப்படுவதுண்டு. அப்போது நீங்கள் போய்ப் பேசுவதில் தப்பே இல்லை.

“இது வெள்ளைக்காரங்களுக்கும் கறுப்பர்களுக்கும் நடுவுல உள்ள கதை. நாம நேத்து வந்தவங்க. நம்ம பிள்ளைக்கு எதுக்கு?”

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பகத் சிங் திந்த் என்று ஒருவர் (தூக்கு மேடை ஏறிய பகத் சிங் வேறு). பஞ்சாபிச் சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி குடியுரிமை கோரிப் பெற வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். நான் உயர்சாதி ஆரியன், அதனால் காகேசியன், அதனால் வெள்ளையன் என்பது அவர் வாதம். 1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது: சாதாரண மனிதன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை. இதற்குச் சில மாதம் முன்புதான், காகேசியர் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி ஒசாவா என்ற ஜப்பானியருக்கு அதே நீதிமன்றம் குடியுரிமை மறுத்திருந்தது. ஆக, காகேசியராக இருந்தாலும் கதவு மூடியே இருந்தது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். மனைவி கலா, மூன்று மகன்களோடு 1915-இல் வந்தவர். முன்பு பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபுகப் போனபோது, அக்கம்பக்கத்தார் இவர்கள் உள்ளே வராதபடி வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். 1921-இல் குடியுரிமை கிடைத்தது, 1923-க்குப் பின் அதுவும் போனது, கூடவே சொத்துரிமையும். 1928-இல் தன் காரணத்தைக் கடிதமாக எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டார். இன்று பெர்க்லியில் ஒரு தெருவுக்குக் கலா பகாய் பெயர்.

இந்தியர்களுக்குக் குடியுரிமை வாசல் 1946-இல் திறந்தபோது குடியேற அனுமதித்த எண்ணிக்கை ஆண்டுக்கு 100 பேர். நாடு பார்த்துப் பங்கு பிரிக்கும் அந்த முறையை ஒழித்த சட்டம் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது. கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சிவில் உரிமைப் போராட்டம் நாட்டின் மனநிலையைப் புரட்டிப் போட்டிராவிட்டால் அந்த ஆண்டில் அது நிறைவேறியிருக்காது என்பதே என் கருத்து. நம் எச்1பி, கிரீன் கார்டு வரிசைக்கெல்லாம் அடித்தளம் அங்கே இருக்கிறது. இதை நம் பிள்ளை படிக்காவிட்டால் வேறு யார் படிப்பது?

“டிவியில ‘கிரிட்டிகல் ரேஸ் தியரி’ன்னு கத்துறாங்களே, அதானா இது?”

இல்லை. அது சட்டக் கல்லூரிகளில் 1970, 80-களில் டெரிக் பெல், கிம்பர்லே கிரென்ஷா போன்றவர்கள் வளர்த்த ஓர் ஆய்வுமுறை. சட்டத்தில் பாகுபாடு போன பிறகும் நடைமுறையில் அது ஏன் போகவில்லை என்று கேட்பது. ஐந்தாம் வகுப்பில் அதை யாரும் நடத்துவதில்லை. 2020-க்குப் பிறகு, இனம் என்ற சொல் வரும் எதன்மேலும் அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். அதற்காகப் பயப்படுகிற எல்லோரையும் முட்டாள் என்றும் சொல்ல மாட்டேன். ஆசிரியர் பயிற்சிகளில் அந்தத் துறையின் சொற்கள் வந்து போனதுண்டு, அவற்றை அரைகுறையாக வகுப்பில் இறக்கியவர்களும் உண்டு.

“எங்க ஸ்டேட்ல சட்டமே போட்டுட்டாங்களாம். டீச்சர் இதைப் பேசினா வேலை போயிடுமா?”

2021 முதல் டெக்சஸ், ஓக்லஹோமா, டென்னசி, ஃபுளோரிடா என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. வாசகங்கள் மாறினாலும் சாரம் ஏறக்குறைய ஒன்று: ஓர் இனம் மற்றோர் இனத்தைவிட உயர்ந்தது என்று சொல்லித் தரக்கூடாது, பிறப்பாலேயே ஒருவர் இனவெறியர் என்று சொல்லக்கூடாது, தன் இனத்தை முன்னிட்டு ஒரு பிள்ளை குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்று சொல்லக்கூடாது. படித்துப் பார்த்தால் இதில் எதிர்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். அடிமை முறையையோ கிங்கையோ நடத்தக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லப்போனால் ஃபுளோரிடாவில் கறுப்பின வரலாறு 1994 முதலே கட்டாயம்.

சிக்கல் வகுப்பறையில்தான் வருகிறது. எந்த வாக்கியம் எல்லையைத் தாண்டுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. ஒரு பெற்றோர் புகார் கொடுத்தால் போதும், விசாரணை. அதனால் பலர் பாடத்தைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். 2025 ஜனவரியில் வந்த ஜனாதிபதி ஆணை, மத்திய நிதி நிற்கும் என்ற பயத்தையும் இதில் சேர்த்தது. மறுபக்கம், இலினாய் 2021-இல் ஆசிய அமெரிக்க வரலாற்றைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலமானது. 2022 தொடக்கத்தில் நியூ ஜெர்சியும் சேர்ந்தது. நிலவரம் மாறிக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் உங்கள் மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் சமூக அறிவியல் பாடத்தரங்களைத் திறந்து பாருங்கள். யாரும் அதைப் படிப்பதில்லை, ஆனால் அது பூட்டி வைத்த ஆவணம் இல்லை.

“வெள்ளைக்காரப் பிள்ளைங்க மனசு புண்படாதா? பாவம், அதுங்க என்ன பண்ணுச்சு?”

ஒன்றும் பண்ணவில்லை, அதைத்தான் ஆசிரியரும் சொல்ல வேண்டும். நடந்ததைக் கேட்டு மனம் கனப்பது வேறு, நான்தான் செய்தேன் என்று கூனிக் குறுகுவது வேறு. முதலாவது இல்லாமல் எந்தக் கொடுமையைப் பற்றியும் படிக்க முடியாது. ஈழத்தைப் பற்றியோ கீழ்வெண்மணியைப் பற்றியோ நம் பிள்ளையிடம் சொல்லும்போதும் அப்படித்தானே? இரண்டாவது வந்தால் அது பாடம் நடத்தியவரின் தவறு.

நன்றாக நடத்தினால் வெள்ளையினப் பிள்ளைக்கும் அந்தக் கதையில் இடம் இருக்கிறது. மேலே சொன்ன பார்பரா ஹென்றி இருக்கிறார், அடிமைகளைத் தப்பவைத்த குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் இருக்கிறார்கள். அதற்காக அவர்களை மட்டுமே கதாநாயகர்களாக்கி, ரூபியை ஓரமாக நிறுத்திவிடுவதும் சரியில்லை. இன்னொன்று: வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை இருந்தால், அடிமைப் பாடம் வரும் நாளில் எல்லோரும் திரும்பி அதன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளை மனசைப் பற்றி என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“எல்லாம் முடிஞ்சுபோன கதை. ஏன் இப்போ கிளறணும்?”

ரூபி பிரிட்ஜஸ் பிறந்தது 1954-இல். நம்மில் பலரின் அம்மா வயது. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் 1921 மே கடைசியில் கறுப்பினத்தவரின் கிரீன்வுட் பகுதியை ஒரு வெள்ளையர் கும்பல் சூறையாடியது. சுமார் 35 தெருப்பகுதிகள் எரிந்து போயின, 300 பேர்வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த மாநிலப் பள்ளிகளிலேயே பல பத்தாண்டுகள் இதைப் பற்றிப் பேச்சில்லை. 2001-இல் மாநில விசாரணைக் குழுவின் அறிக்கை வந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. உயிர் பிழைத்து நூறு வயதைத் தாண்டியவர்கள் போட்ட இழப்பீட்டு வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது 2024-இல்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது: வீடு. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பகுதிகளுக்கு நிறம் தீட்டியது. கறுப்பினத்தவர் இருந்த பகுதி சிவப்பு. அங்கே கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கடன் இல்லாததால் வீடு இல்லை, வீடு இல்லாததால் பிள்ளைக்கு விட்டுப் போகச் சொத்து இல்லை. பள்ளிக்குப் பணம் வருவதோ பெருமளவு அந்த ஊர்ச் சொத்துவரியிலிருந்து. நாம் வீடு தேடும்போது முதலில் பார்ப்பது என்ன? ஸ்கூல் ரேட்டிங் 9-ஆ, 10-ஆ? பல ஊர்களில் அந்த எண்ணுக்குப் பின்னால் அந்தப் பழைய வரைபடத்தின் நிழல் உண்டு. பழைய வீடு வாங்கியவர்கள் பத்திரக் கட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வேலைக்காரர் தவிர, காகேசியர் அல்லாத எவரும் இங்கே குடியிருக்கக்கூடாது என்ற வரி சிலவற்றில் இன்னும் அச்சாகவே இருக்கிறது. 1948 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றத்தில் அதை அமல்படுத்த முடியாது; வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடைசெய்த 1968 சட்டத்துக்குப் பிறகு முற்றிலும் செல்லாது. இருந்தாலும் படித்தால் சுருக்கென்று இருக்கும், ஏனென்றால் அந்த வரி உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

“கணக்கு, சயின்ஸ் நல்லா படிச்சா போதாதா? நம்ம ஆளுங்க அப்படித்தானே முன்னுக்கு வந்தாங்க?”

வானியற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகரைவிட நன்றாக சயின்ஸ் படித்த தமிழர் இருக்கிறாரா? ஆயுள் முடிந்து சுருங்கிய நட்சத்திரங்களின் எடை வரம்பைக் கணக்கிட்டு முடித்த பிறகு, 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் நிறத்தைக் காரணம் காட்டி, வளாகத்தில் அவர் பாடம் நடத்தக்கூடாது என்று அங்கிருந்த டீன் ஆட்சேபித்தார். பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ராபர்ட் ஹட்சின்ஸ் அதை ஒதுக்கித் தள்ளியதால்தான் அவரால் வகுப்பெடுக்க முடிந்தது. நோபல் பரிசு 1983-இல் வந்தது.

“ஆப்பிரிக்காவுலயே ஆள் பிடிச்சு வித்தாங்க, எல்லா நாட்டுலயும் அடிமைங்க இருந்தாங்க. அமெரிக்காவை மட்டும் ஏன் குத்தம் சொல்லணும்?”

நீங்கள் சொல்வது உண்மை, அதையும் சொல்லித் தர வேண்டும். ஆப்பிரிக்க அரசர்களும் வணிகர்களும் விற்றார்கள். நம் கதையும் இருக்கிறது: 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து டச்சுக்காரர்கள் பஞ்சத்தில் விலைபோன மக்களை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு போனது 1843-இல்தான்.

அமெரிக்காவில் எது வேறு என்பதற்கு ஒரு சட்டத்தைப் பார்த்தால் போதும். 1662-இல் வர்ஜீனியா, பிள்ளையின் நிலை தாயின் நிலைப்படி என்று எழுதி வைத்தது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் பண்ணை முதலாளியாகவே இருந்தாலும். ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேரில் நேரடியாக வட அமெரிக்காவில் இறக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் 1860 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம். இடைப்பட்ட பெருக்கம் அந்தச் சட்டத்தின் வேலை. பிறப்பால் ஒட்டிக்கொண்டு இறந்தாலும் போகாத ஒன்று என்றால் நமக்கு வேறு ஏதோ நினைவுக்கு வர வேண்டுமே. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

“பாடப் புத்தகத்துல இருக்கறதை அப்படியே நம்பலாமா?”

2015-இல் ஹூஸ்டன் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் புவியியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். குடியேற்றம் பற்றிய பகுதியில் ஒரு வரைபடம். அதில், அட்லாண்டிக் அடிமை வணிகம் ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான ‘தொழிலாளர்களை’ பண்ணைகளில் வேலை செய்யக் கொண்டுவந்ததாக எழுதியிருந்தது. அம்மா அதை வெளியில் கொண்டுவந்தார், பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது, பழைய பிரதிகளில் ஒட்ட ஸ்டிக்கர் அனுப்புவதாகச் சொன்னது. இத்தனைக்கும் எல்லோரையும் உறுத்தியது அந்த ஒரு சொல்தான் பாருங்கள். ஃபுளோரிடாவின் 2023 பாடத்தரம், அடிமைகள் கற்ற தொழில்கள் சில வேளை அவர்களுக்கே பயன்பட்டன என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதும் இதே ரகம். அதனால் புத்தகத்தை நீங்களும் புரட்டுங்கள். வருடத்துக்கு ஒரு மாலை செலவழித்தால் போதும்.

“டீச்சரே ஒருதலையா அரசியல் பேசினா என்ன பண்றது?”

பிள்ளை சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பிரின்சிபலுக்கு மெயில் தட்ட வேண்டாம். முதலில் ஆசிரியரிடமே அந்தப் பாடத்தின் கையேட்டைக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவாகப் பேசியது உண்மையென்றால் தாராளமாகப் புகார் சொல்லலாம்.

எனக்கு அறவே ஆகாத ஒன்று உண்டு: நாடகம் போட்டுச் சொல்லித் தருவது. பிள்ளைகளை அடிமைகளாக நிற்கவைத்து ஏலம் விட்டுக் காட்டிய ஆசிரியர்கள் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். பள்ளிகள் பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கின்றன. அப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிந்தால் அன்றே போன் பண்ணுங்கள்.

“ஏசியன்னு சொல்லி காலேஜ் அட்மிஷன்ல நம்ம பிள்ளைங்களைத்தான் ஒதுக்கினாங்க. அதுக்கப்புறமும் இதையெல்லாம் நாம ஆதரிக்கணுமா?”

ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று தீர்ப்புச் சொல்லி, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை முடித்துவைத்துவிட்டது. அது சரியா தப்பா என்பது வேறு விவாதம், வரலாற்றைப் பள்ளியில் நடத்துவது வேறு. எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும் அந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்று தெரியாமல் வாதாட முடியாது. கூடவே ஒரு சின்ன முணுமுணுப்பு: இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் சிலர், தமிழ்நாட்டு 69 சதவீத இடஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் வாங்கி விமானம் ஏறியவர்கள்.

“கறுப்பினப் பசங்களோட சேராதேன்னு பாட்டி சொல்லிட்டாங்க. பையன் பாட்டியைப் பார்த்து ‘ரேசிஸ்ட்’ங்கிறான்!”

பாட்டிக்கு முன்னால் பையனைத் திட்ட வேண்டாம், பையனுக்கு முன்னால் பாட்டியையும் திட்ட வேண்டாம். பாட்டி சொன்னது தப்பு என்பதை நீங்கள் பையனிடம் நேராகச் சொல்லலாம். ஒரு சொல்லை எடுத்து ஆள்மேல் வீசினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்பதையும் சொல்லலாம். பள்ளியில் சொல்லித் தருவதில் எனக்கு இருக்கும் குறை இதில்தான்: பெயர் வைக்கக் கற்றுத் தருகிறார்கள், வீட்டில் ஒருவரிடம் அதை எப்படிப் பேசுவது என்று கற்றுத் தருவதில்லை.

அப்புறம் பாட்டியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்? குழந்தை பிறந்தால் ‘கலர் எப்படி?’ என்று ஊரிலிருந்து போன் வரும். மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ இன்னும் போகவில்லை. ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டு குளோ அண்ட் லவ்லி ஆனது. மேலே சொன்ன பொம்மைச் சோதனையை நம் வீட்டு ஹாலில் செய்து பார்த்தால் பதில் ரொம்ப வேறாக இருக்காது.

“அப்போ சாதியையும் சொல்லித் தரணுமா? அதைச் சொன்னா நம்ம பிள்ளையைத்தானே கிண்டல் பண்ணுவாங்க?”

கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பண்டைய இந்தியா பாடத்துக்காக 2005-இலும், மறுபடி 2016-இலும் பெரிய சண்டை நடந்தது. சாதியையும் பெண்களின் நிலையையும் எழுதியிருக்கும் விதம் இந்துப் பிள்ளைகளை அவமானப்படுத்துகிறது என்று சில இந்து அமைப்புகள் திருத்தம் கேட்டன. எங்கள் வரலாற்றை அழிக்காதீர்கள் என்று தலித் அமைப்புகளும் பல ஆய்வாளர்களும் எதிர்த்து நின்றார்கள். இரண்டு தரப்பிலும் இந்தியப் பெற்றோர்தான். கிண்டல் பயம் பொய்யில்லை. ஆறாம் வகுப்பில் ‘நீ எந்தச் சாதி?’ என்று ஒரு பிள்ளையைச் சக மாணவர்கள் கேட்டால் அது கூசித்தான் போகும். ஆனால் வெள்ளையினப் பிள்ளை மனசு புண்படும் என்றதற்கு மேலே என்ன பதிலோ அதுதான் இங்கும் பதில். அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது. ஒருதலையாகவோ, சாதியைத் தவிர இந்தியாவில் ஒன்றுமே இல்லை என்ற மாதிரியோ எழுதியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள். எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

இரண்டு வரலாறும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே வந்திருக்கின்றன. ஜோதிராவ் புலே 1873-இல் அடிமைத்தனம் பற்றிய தன் நூலை, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கிங் 1959-இல் இந்தியா வந்தபோது, கேரளத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் தன்னை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர்’ என்று அறிமுகப்படுத்தியதாகப் பின்னாளில் தன் சர்ச்சில் சொன்னார். முதலில் சுருக்கென்றதாம், யோசித்தபோது உண்மைதானே என்று பட்டதாம். எதிர்த்திசைக்கு மேலே பார்த்த திந்த் இருக்கிறார்: அவருக்காகத் தாக்கலான மனுவில், கல்யாண விஷயத்தில் நீக்ரோவை அமெரிக்கன் பார்ப்பதுபோலத்தான் உயர்சாதி இந்து நாட்டின் ஆதிக்குடிகளைப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தது. வெள்ளையனாகச் சேர்த்துக்கொள்ள அதை ஒரு தகுதியாகக் காட்டினார்கள்! ஹைஸ்கூல் பிள்ளைக்கு இந்த ஒரு வழக்கை முழுதாகச் சொன்னால் இனம், சாதி இரண்டையும் சேர்த்தே சொன்ன மாதிரி.

“சரி, வீட்டுல எதுலேருந்து ஆரம்பிக்கறது?”

பிள்ளை வகுப்பில் படித்ததிலிருந்து ஆரம்பியுங்கள். ‘இன்னைக்கு என்ன படிச்சே?’ என்றால் ‘நத்திங்’ என்றுதான் வரும். புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டிக் கேட்டால் வாய் திறக்கும். பிறகு நம் பக்கத்துக் கதையைச் சேர்த்துச் சொல்லலாம்: 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தலித்துகளையும் நாடார்களையும் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது. ரூபி கதை தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வாஷிங்டன் போகிறவர்கள் விண்வெளி அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல், 2016-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் போங்கள். லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கி, கப்பல் காலத்திலிருந்து மேலே ஏறி வர வேண்டும். வழியில் தெற்கத்தி ரயில்வேயின் பழைய பெட்டி ஒன்று முழுதாக நிற்கிறது. ஒரே பெட்டிக்குள் வெள்ளையர் பகுதி, கறுப்பினத்தவர் பகுதி. இரண்டின் கழிப்பறை அளவையும் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடும். 1955-இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயது எம்மெட் டில்லின் சவப்பெட்டி தனி அறையில் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளோடு போனால் அதைத் தாண்டிப் போய்விடலாம். மேல் தளங்களில் இசை, விளையாட்டு என்று கலகலப்பாக இருக்கும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவு இலவசம்தான், ஆனால் நேரம் குறித்த பாஸை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்; விடுமுறை நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.